வேலை வெளியேறிய பெயர்

வூஃப். இரண்டு டபிள்யூ, இரண்டு ஓ, ஒரு எஃப். இயற்கைப் பண்ணை ஒன்றில் தங்கி, நாளுக்கு நாலைந்து மணி நேரம் களை பறித்து, பாத்தி கட்டி, மாட்டுத் தொழுவம் கூட்டி, அதற்கு ஈடாகச் சாப்பாடும் படுக்க இடமும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் இது. காசு கைமாறாது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அந்த ஐந்து எழுத்தும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குள் இருந்த சொற்கள்தான் ஒவ்வொன்றாக இடம் மாறின.

1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த சூ காப்பர்டு என்ற பெண்ணுக்கு, வார விடுமுறையிலாவது நகரத்தை விட்டுக் கிராமத்துப் பக்கம் போய்வர ஆசை. கிராமத்தில் அவருக்குச் சொந்தமும் இல்லை, நிலமும் இல்லை. சசெக்ஸ் பகுதியில் மெய்யியலாளர் ருடால்ஃப் ஸ்டெய்னர் வழியில் நடந்துவந்த எமர்சன் கல்லூரியின் பண்ணையில், வேலை செய்து தருகிறோம், தங்க இடம் கொடுங்கள் என்று கேட்டு அவரோடு ஒரு சின்னக் குழு போய் இறங்கியது. அப்போது வைத்த பெயர் ‘வொர்க்கிங் வீக்கெண்ட்ஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்’. இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்யும் வார இறுதிகள். பெயரின் முதல் சொல்லே வேலைதான். அதில் ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை.

வார இறுதி வாரமாக நீண்டது, வாரம் மாதமானது. வீக்கெண்ட் பொருந்தாமல் போகவே ‘வில்லிங் வொர்க்கர்ஸ்’ வந்தது. மனமுவந்து வேலை செய்பவர்கள். என் கணக்கில் இதுதான் மூன்றிலும் நேர்மையான பெயர். செய்வது வேலை, செய்பவர் வேலையாள், அவர் அங்கே நிற்பது தன் விருப்பத்தால் என்ற மூன்றையும் இரண்டே சொல் சொல்லிவிடுகிறது.

அந்தப் பெயருக்கு வினை வந்தது எல்லையில். வெளிநாட்டுப் பண்ணைக்குப் போகும் இளைஞர் விமான நிலையத்தில் ‘வொர்க்கர்’ என்ற சொல் அச்சிட்ட தாளை நீட்டினால், குடிவரவு அதிகாரி வேலை விசா எங்கே என்று கேட்பார். சுற்றுலா விசாவில் வந்து உள்ளூர்க்காரர் பிழைப்பைத் தட்டிப் பறிக்கிறவரோ என்ற சந்தேகமும் எழும். 2000ஆம் ஆண்டை ஒட்டி மூன்றாவது பெயர் பரவியது: ‘வேர்ல்ட் வைட் ஆப்பர்ச்சூனிட்டீஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்’. இயற்கைப் பண்ணைகளில் உலகளாவிய வாய்ப்புகள். முதலில் வேலை இருந்தது, பிறகு வேலையாள் இருந்தார், கடைசியில் இரண்டுமே இல்லை. அதிகாரியின் கேள்விக்குப் பயந்து வைத்த பெயர் என்பது புரிகிறது. ஆனால் களைக்கொத்து அதேதான், பிடிக்கிற கையும் அதேதான்.

இந்தப் பெயர் மாற்றம் அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில் நிற்கும்போது இன்னும் கூர்மையாக உறைக்கிறது. சென்னைக் கப்பல் வந்து அணைவது ஹேடோவில். தீவுக்குத் தீவு ஓடும் அரசுப் படகுகள் கிளம்புவது ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. டிக்கெட் கவுண்ட்டர் வரிசையில் தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு எல்லாம் கலந்து கேட்கும். முதுகில் பெரிய பையோடு வெளிநாட்டு இளைஞர்கள் நிற்பார்கள். நீல் தீவிலிருந்து வரும் படகில் காய்கறி மூட்டைகள் இறங்கும். போர்ட் பிளேயரின் அடுப்புகளுக்குக் காய் தருகிற தீவு அது. பெயர் மாற்றம் இங்கே புதிதில்லை. 2018இல் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும் நீல் ஷாகீத் தீவாகவும் ஆயின, 2024இல் போர்ட் பிளேயரே ஸ்ரீ விஜய புரம் ஆனது. வூஃப் கதையில் எழுத்து நின்று பொருள் மாறியது. இங்கே மண் நின்று எழுத்து மாறியிருக்கிறது.

இதே கரையில்தான், சோற்றுக்கும் இடத்துக்கும் வேலை என்ற ஏற்பாட்டை ஒரு அரசாங்கம் சட்டமாகவே எழுதி நடத்தியது. 1858 மார்ச்சில் முதல் தொகுதிக் கைதிகள் வந்திறங்கினார்கள். ஃபீனிக்ஸ் பேயில் பின்னாளில் அவர்களைக் கொண்டு பட்டறைகள் நடந்தன. தண்டனைக் குடியிருப்பின் ஒழுங்குமுறை 1900ஐ ஒட்டிய காலத்தில் படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தது. சிறைவாசம் முடித்து வெளியே வரும் கைதி முதலில் மூன்று ஆண்டு கொட்டடியில் தங்கி உழைக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது, சோறும் கூரையும் மட்டும். அடுத்த ஐந்து ஆண்டு சிறு படி கிடைக்கும். சிறைவாசத்தையும் சேர்த்துப் பத்து ஆண்டு நல்லபடி கழிந்தால் கையில் ஒரு டிக்கெட் தருவார்கள். அதன்பின் அவர் பெயர் ‘செல்ஃப் சப்போர்ட்டர்’, தன்னைத் தானே தாங்கிக்கொள்பவர். நிலம் பெறலாம், மாடு வளர்க்கலாம், குடும்பம் வைக்கலாம். தீவை விட்டு மட்டும் போக முடியாது.

அந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயுள் கைதிக்கு வைத்த பெயரில் கைதி என்பதும் இல்லை, காவல் என்பதும் இல்லை. கேட்டால் சொந்தக் காலில் நிற்கும் குடியானவர் போலத் தோன்றும். உழைப்பவரின் நிலையை மூடி மறைக்க நல்ல சொல்லைப் போர்த்தும் வழக்கம் வூஃபுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், இரண்டும் ஒன்று என்பதற்காக அல்ல. வூஃப்காரர் விரும்பிய நாளில் மூட்டை கட்டலாம். ஃபீனிக்ஸ் பேயில் அவர் வாங்குகிற டிக்கெட் போவதற்கானது. அந்தக் கைதிக்குக் கொடுத்த டிக்கெட் இருப்பதற்கானது.

சோற்றுக்கு வேலை என்பதற்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. ‘சம்பளம்’ வடமொழியில் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழும் தொகையின் அடியில் ஒரு சோற்று மூட்டை இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக அடிக்கடி வரும் ‘வெட்டி’ என்பது கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. அர்த்தசாஸ்திரம் பேசும் ‘விஷ்டி’யின் தமிழ் வடிவம் அது. தெலங்கானாவில் ‘வெட்டிச் சாக்கிரி’ என்ற பெயரில் அது இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது, அதை எதிர்த்து ஆயுதப் போராட்டமே நடந்தது. நம்மிடம் அந்தச் சொல் தேய்ந்து, பயனில்லாமல் பொழுது போக்குகிறவனைக் குறிக்கிறது. கூலி கிடைக்காமல் உழைத்தவனின் பெயர் உழைக்காதவனுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு பெரிய அநீதி! திருவிதாங்கூரில் அரசுக்குச் செய்த கட்டாய வேலையின் பெயர் ‘ஊழியம்’. இன்று அது அலுவலகத்திலும் தேவாலயத்திலும் மரியாதையான சொல்.

எல்லாவற்றிலும் கனமானது ‘பண்ணையாள்’. வூஃபைத் தமிழில் சொல்லப் புகுந்தால் நாக்கில் முதலில் வந்து நிற்பதும் அதுதான்: பண்ணையில் தங்கி, சாப்பாட்டுக்கு வேலை செய்கிற ஆள். ஆனால் தஞ்சை மண்ணில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் நினைவுக்கு வரும். கூலியாகப் படிக்கணக்கில் நெல் அளந்ததால் சில வட்டாரங்களில் ‘படியாள்’ என்றும் பெயர். 1952இல் தஞ்சைப் பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் போராடிய விவசாயக் கூலிகளின் குடும்பத்தவர் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டம் நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் வளர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அங்கிருந்து வடக்கே, புதுச்சேரிக்குப் பக்கத்தில், ஆரோவில் என்ற பன்னாட்டு நகரியம் பிறந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சூ காப்பர்டின் வார இறுதி தொடங்கி அப்போது ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

இன்று தமிழ் மண்ணில் இந்த ஏற்பாட்டை நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் ஆரோவில்தான். அங்கே பண்ணைகளிலும் காடு வளர்க்கும் இடங்களிலும் பல நாட்டு இளைஞர்கள் தங்கி மண்வேலை செய்கிறார்கள். 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரெஸ்டில் காலை வேலைக்குப் பெயர் ‘சேவா’; குழி வெட்டுவது, மூடாக்குப் போடுவது, நூறு பேருக்குக் காய் நறுக்குவது எல்லாம் சேவாவில் அடங்கும். அங்கும் வேலை என்ற சொல் பின்வாங்கியிருக்கிறது. சுற்றியுள்ள கிராமத்தார் நாக்கில் இவர்கள் ‘வாலண்டியர்’. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரு தனி வாழ்க்கை உண்டு: யாரும் கூப்பிடாமல் தானே போய் மாட்டிக்கொண்டவனைத்தான் ‘வாலண்டியரா போனான்’ என்போம். ‘தன்னார்வலர்’ எழுத்துத் தமிழுக்கு நல்ல சொல்தான். ஆனால் வெள்ள நிவாரணத்துக்குப் பொட்டலம் கட்டுபவரும் அவரே, தேர்வு மையத்தில் வழிகாட்டுபவரும் அவரே. உணவும் உறைவிடமும் பதிலுக்குக் கிடைக்கிற கணக்கு அதில் ஏறவில்லை.

பெயரின் மறுபாதியான ‘ஆர்கானிக்’கும் நம்மிடம் ஒரு நிலையில் நிற்கவில்லை. வேளாண் துறைப் புத்தகம் ‘அங்கக வேளாண்மை’ என்கிறது. இலங்கையில் ‘சேதனப் பசளை’ என்பார்கள்; 2021இல் இரசாயன உரத்துக்கு அங்கே திடீர்த் தடை வந்தபோது அந்தச் சொல் விவசாயிகளின் வாயில் வசைபோல் ஆனது. இங்கே மக்கள் ஏற்றது வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பரப்பிய ‘இயற்கை வேளாண்மை’. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் அவர் உருவாக்கிய வானகம் பண்ணையில் தங்கிப் படித்தவர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

வேலை என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்ததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். இயற்கை வேளாண்மையில் களைக்கொல்லி இல்லை, ஆகவே கைதான் களைக்கொல்லி. ஒரு பாத்தியில் வெளிநாட்டு இளைஞர் குந்தி உட்கார்ந்து கோரைப் புல்லைக் கிழங்கோடு பிடுங்குகிறார். அடுத்த பாத்தியில் பக்கத்து ஊர் அம்மா அதே கோரையைப் பிடுங்குகிறார். அவர் பிடுங்கும் வேகம் மும்மடங்கு. கிழங்கு அறுந்து மண்ணில் தங்கிவிடாமல் எப்படிச் சாய்த்து இழுப்பது என்று இளைஞருக்குச் சொல்லித் தருவதும் அவரே. முதலாமவர் செய்வது ‘வாய்ப்பு’, இரண்டாமவர் செய்வது ‘கூலி வேலை’. நாலு வாய்ப்புக்காரர்கள் கூடுதலாக வந்த வாரத்தில் அந்த அம்மாவை வேண்டாம் என்று அனுப்பினால், அதை எந்தச் சொல்லில் எழுதுவது? ‘வேலை’ பெயரில் இருந்தவரை இந்தக் கேள்வியும் கூடவே இருந்தது.

  

தமிழில் ஒரு பெயர் வைக்கச் சொன்னால் நான் விருந்திலிருந்து தொடங்குவேன். விருந்து என்றால் முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், பிறகுதான் இலை போட்ட சாப்பாடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது ஊர்க்கணக்கு. நாலாம் நாளும் தங்குகிற உறவுக்காரர் நம் வீடுகளில் சும்மா இருப்பதில்லை. யாரும் சொல்லாமலே முறத்தை எடுப்பார், கதிர் அறுக்க இறங்குவார். அவருக்குக் கூலி கொடுத்தால் கோபித்துக்கொள்வார், சோறு போடாவிட்டால் ஊரே பேசும். அவரைப் பண்ணையாள் என்று யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் அவர் கிளம்புகிற நாளை அவர்தான் முடிவு செய்கிறார். ‘வேலை விருந்தாளி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். 2000ஐ ஒட்டி வெளியே போன சொல் இதில் முன்னால் நிற்கிறது. பண்ணைக்காரர் அந்தப் பெயரை ஏற்றால், பக்கத்துப் பாத்தி அம்மாவின் கூலிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். விருந்தாளி வந்தார் என்பதற்காக ஆளை நிறுத்தும் வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது.