பதவியும் பணியும்



போர்க்காலத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பெற்ற வெற்றிகளையே நாம் எண்ணிப் பார்க்கிறோம். தலைமைப் பதவி நீங்கிய பின்னர் அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு ஹழ்ரத் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குப் பெரும் படிப்பினையாகும்.

ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 629) மூத்தா போர்க்களத்தில் ஸைத் (ரலி), ஜஃபர் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். அப்போது கொடியை ஏந்தி, படையைப் பேரழிவிலிருந்து காத்து மதீனாவுக்கு மீட்டு வந்தவர்கள் காலித் (ரலி) அவர்களே. 'ஸைஃபுல்லாஹ்', அதாவது அல்லாஹ்வின் வாள், என்பது அவர்கள் பெற்ற சிறப்புப் பெயர்.

ஹிஜ்ரி 13-ல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற உமர் (ரலி) அவர்கள், ஷாம் தேசப் படைகளின் தலைமையிலிருந்து காலித் (ரலி) அவர்களை நீக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். காலித் (ரலி) அவர்களோ அணி சேர்க்கவில்லை; ஊர் திரும்பவுமில்லை. ஹிஜ்ரி 15-ல் (கி.பி. 636) ரோமப் பேரரசின் பெரும்படையை எதிர்த்து நடந்த யர்மூக் போரில், புதிய தலைவரின் கீழ் குதிரைப் படையை நடத்தினார்கள். அணி தளரும் இடங்களுக்கெல்லாம் அப்படை விரைந்து சென்று தாங்கியது. ஷாமின் தலைவிதியை மாற்றிய வெற்றி அது.

ஹிஜ்ரி 17-ல் அவர்கள் படைப் பணியிலிருந்தே முற்றிலும் விடுவிக்கப்பட்டார்கள். வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருவது என்பதை மறந்து, மக்கள் காலிதையே நம்பிவிடலாகாது என்பதே காரணம் எனக் கலீஃபா அவர்கள் விளக்கியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 21-ல் காலித் (ரலி) அவர்கள் வஃபாத்தானபோது, தமது வஸிய்யத்தை நிறைவேற்றும் பொறுப்பை உமர் (ரலி) அவர்களிடமே ஒப்படைத்திருந்தார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. தம்மைப் பதவி நீக்கியவரின் அமானிதத்தின் மீது எத்தகைய நம்பிக்கை!

நிர்வாகப் பொறுப்பு முடிந்ததும் பள்ளிவாசல் காரியங்களிலிருந்தே ஒதுங்கிக்கொள்வோரும், புதிய நிர்வாகத்திற்கு எதிராக அணி சேர்ப்போரும் நம் ஊர்களில் இல்லாமலில்லை. இதனால் ஸஃப்பில் தோளோடு தோள் நின்றவர்கள் ஸலாம் சொல்லவும் தயங்குகிறார்கள். பொறுப்பை விட்டவர் அனுபவத்தை வழங்கவும், பொறுப்பேற்றவர் அதைக் கேட்டுப் பெறவும் முன்வந்தால் ஜமாஅத் உடையாது.

பதவியில் இருந்தாலும் இல்லாவிடினும் தீனுக்குப் பணியாற்றும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.