மோட்டார் வீடும் மழைநீரும்

வீடு ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. வண்டி ஓரிடத்தில் நில்லாது ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வாசை மேலை நாடுகளில் மோட்டார் வீடு என்னும் வடிவம் பெற்றது எவ்வாறு, அவ்வீடுகளுள் பல அழிந்தொழிந்தது எதனால், எஞ்சியவற்றுள் சிலவற்றை இன்று மீட்டெடுப்பவர்கள் செய்யும் பணி எத்தகையது என்பவற்றைக் குறித்து மாணவ நண்பர்களோடு பேச விரும்புகிறேன்.

மோட்டார் வீடு என்பது லாரி அல்லது பஸ்ஸின் அடிச்சட்டத்தின்மேல் கட்டிய சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் குளியலறையும் உண்டு. படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் 'கேரவன்' வண்டிகளை நீங்கள் கண்டிருக்கலாம். அவை இதன் நெருங்கிய உறவினம். இத்தகைய வண்டி ஒன்று ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின் கேட்பாரற்றுக் கிடக்கிறதென்றால், அதைக் கெடுத்தது எது? எஞ்சின் தேய்ந்தது என்பீர்கள். எஞ்சினைக் கழற்றி வேறொன்று பொருத்தலாம், டயரும் அவ்வாறே. பெரும்பாலும் அதன் உயிரைக் குடித்தது மழைநீர்தான். கூரையில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று போதும்.

இவ்வரலாற்றைத் தொடங்கும்போது கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பாரை நினையாமல் இருத்தல் இயலாது. அவர் ஸ்காட்லாந்து நாட்டவர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணி புரிந்தவர். பின்னாளில் சிறுவர்களுக்குக் கதை எழுதிப் பெயர் பெற்றவர். 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் தமக்கென ஒரு வண்டி வீடு செய்வித்தார். மகாகனி மரத்தால் ஆகிய அதன் எடை ஏறத்தாழ இரண்டு டன். இரண்டு குதிரைகள் பூட்டிய அவ்வண்டியில், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள டுவைஃபோர்டு என்னும் ஊரிலிருந்து ஸ்காட்லாந்தின் வடபாலுள்ள இன்வர்னெஸ் வரை பயணம் செய்தார். மறு ஆண்டு அப்பயணத்தை நூலாகவும் வெளியிட்டார். வேலைக்கும் பிழைப்புக்கும் அன்றி, இன்பத்திற்கென்றே செய்த முதற் பயண வண்டி என்று பலரும் அதனைப் போற்றுவர்.

அவர் அவ்வண்டிக்கு 'வாண்டரர்', அதாவது 'அலைந்து திரிவோன்' என்று பெயரிட்டு, அதைத் தரையில் ஓடும் படகு என்றே குறிப்பிட்டார். கடலில் வாழ்ந்தவர் வாயில் பிறந்த உவமைதானே என்று நாம் கடந்து போய்விடலாம். எனக்கோ அதில் உவமையைவிட உண்மையே மிகுதி எனத் தோன்றுகிறது. மரக்கலத்துக்கும் வண்டி வீட்டுக்கும் பகை ஒன்றே. கலத்துக்கு நீர் கீழிருந்து வருகிறது. வண்டிக்கு மேலிருந்து வருகிறது. இரண்டும் ஓயாமல் அசைகின்றன. அசையும் பொருளில் பொருத்துவாய்கள் திறவாமல் இருப்பதில்லை. அதனாலன்றோ நம் நெய்தல் நிலத்துத் தச்சர்களும் பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்துக் கலப்பற்று என்னும் வேலையை ஆண்டுதோறும் செய்து வந்தார்கள்! அக்காலத்து வண்டித் தச்சர்களும் இதனை நன்கு அறிந்திருந்தனர். கூரைப் பலகைகளின்மேல் கெட்டியாக ஈய வண்ணம் பூசி, அது காயுமுன் கான்வாஸ் துணியை இழுத்துப் பரப்பி, மேலும் பல பூச்சுக்கள் பூசினர். துணி வளைந்து கொடுக்கும், பிளவுபடாது. வண்ணம் வெடித்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். பராமரிப்பு என்பது அவ்வண்டியின் வாழ்வோடு பிறந்த கடமையாக இருந்தது.

மோட்டார் வந்தபின் குதிரைகள் விடைபெற்றன. 1915-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோலண்டு காங்க்ளின் என்னும் பஸ் தொழிலதிபர், தம் குடும்பத்தாருடன் நியூயார்க்கு மாநிலத்து ஹண்டிங்டன் நகரிலிருந்து நாட்டின் மறு கோடியிலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட வண்டி பேர்பெற்றது. அதன் நீளம் 25 அடி; எடை 8 டன்; மாடியில் ஒரு தோட்டம்! செல்வர் வீட்டு விளையாட்டு என்று நகைத்தவர்களும் அன்று இருந்திருப்பர். எளிய மக்களோ அடுத்த இருபது ஆண்டுகளில் ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தின்மேல் பலகையும் துணியும் கொண்டு தாமே தமக்கு வேண்டிய வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அவற்றுள் எஞ்சியவை மிகச் சில.

நம் பேச்சுக்கு முக்கியமான காலம் அதற்குப் பின்னர் வருகிறது. 1958-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரேமண்டு ஃபிராங்கு என்பவர் தம் குடும்பத்துக்கென ஒரு வண்டி கட்டினார். கண்டவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அவர் அதனைத் தொழிலாகவே கொண்டார். மோட்டார் வீடு என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பர். 1966-ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்து ஃபாரஸ்டு சிட்டி என்னும் சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் தொழிற்சாலை வரிசையில் மோட்டார் வீடுகளைச் செய்யத் தொடங்கியது. விலை குறைந்தது. பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் தம் மக்களோடு மலைகளையும் தேசியப் பூங்காக்களையும் காணப் புறப்பட்டார்கள். ஒரு நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் விடுமுறையை எவ்வாறு கழித்தன என்பதற்கு அவ்வண்டிகளைவிடச் சிறந்த சான்று வேறு இல்லை. அரசர் ஏறிய தேரைக் காப்பதற்கு அருங்காட்சியகம் உண்டு. ஆசிரியர் குடும்பம் உறங்கிய வண்டியைக் காப்பார் யார்?

விலை குறைந்த வண்டிகள் பலவற்றின் உடலமைப்பைச் சற்று விளக்க வேண்டும். ஒல்லியான பைன் மரச் சட்டங்களால் சுவர்க்கூடு. உட்புறம் மெல்லிய பிளைவுட். வெளிப்புறம் அலுமினியத் தகடு. இடையில் வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சு. சட்டங்களைப் பொருத்தக் கம்பி ஊசிகளை எந்திரத்தால் அடித்தார்கள். வெளியே நின்று காண்பவர்க்கு அது உலோக வண்டி; உண்மையிலோ அது மரவீடு. அசையாமல் நிற்கும் வீட்டுக்கு ஏற்ற தச்சு வேலையை, மணிக்கு 60 மைல் வேகத்தில் குலுங்கி ஓடும் லாரியின்மேல் ஏற்றிவிட்டார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கு. கூரை 22 அடி நீளம் என்று கொள்வோம். விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே கூரையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் மாறுகிறது என்றும் கொள்வோம். அலுமினியத் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதன் கீழுள்ள மரச்சட்டம் அதே வெப்பத்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளாது. ஒன்றோடொன்று திருகாணியால் பிணைக்கப்பட்ட இரண்டு பொருள்கள், நாள்தோறும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. இடையே பூசிய மெழுகு போன்ற பசை சில ஆண்டுகளில் உலர்ந்து வெடிக்கிறது. திருகாணித் துளை தளர்கிறது. மூலைப் பட்டைகள், சன்னல் விளிம்புகள், கூரையிலுள்ள காற்றுப் போக்கி ஆகிய ஒவ்வொன்றும் நீருக்கு வாயிலாகிறது.

உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை. மரத்தை உளுக்கச் செய்வது நீரன்று. நீரால் வாழும் காளான் இனம். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை அக்காளான் வளராது. அந்த எல்லையைக் கடந்து ஈரம் தேங்கிவிட்டால் அது மரத்தின் வலிமையையே உணவாகக் கொள்கிறது. ஆங்கிலேயர் இதில் ஒரு வகையை 'உலர்ந்த உளுப்பு' என்பர். பெயர் பொருத்தமற்றது, ஈரமின்றி அதுவும் பிறப்பதில்லை. கெட்டபின் காய்ந்து பொடியாகும் தோற்றத்தைக் கண்டு வைத்த பெயர் போலும்.

இண்டியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1960-களின் பிற்பகுதியில் செய்த மோட்டார் வீடு ஒன்றை ஒரு முதிய தச்சர் பிரித்துக்கொண்டிருந்ததை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. வெளியே வண்ணம் பளபளப்பாகவே இருந்தது. பின்புற மூலையில், கட்டிலுக்கு அடியில், கையகல அளவு ஒரு பழுப்புக் கறை, அவ்வளவே. அவர் என் கையில் ஒரு குத்தூசியைக் கொடுத்துக் கறைக்கு மேலே குத்தச் சொன்னார். ஊசி தடையின்றிக் கைப்பிடி வரை இறங்கிற்று. கறையிலிருந்து நான்கடி தள்ளியும் அவ்வாறே. நீர் நுழைந்த இடமோ கூரையின் முன்பகுதியில் இருந்தது. நம் ஊரில் ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஓடு உடைந்தது ஓரிடம். கூடத்தில் சொட்டுவது வேறிடம். கைமரத்தின் வழியே நீர் எங்கெங்கோ பயணம் செய்கிறது.

உள்பலகையைப் பெயர்த்தபோது, சட்டங்கள் இருந்த இடத்தில் கருத்த தூளே இருந்தது. சுவரை அதுவரை தாங்கி நின்றது வெளித் தகடும் பழக்கமும்தான் என்று அம்முதியவர் சிரித்தார். அச்சிரிப்பின் பின்னே துயரமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரித்துச் சொல்வதில் பயனுண்டு. முதலில் அவர் எதையும் வெட்டவில்லை. ஒவ்வொரு பகுதியையும் படம் பிடித்து, எண்ணிட்டு, அளவெடுத்தார். உளுத்த சட்டத்தைக்கூட எறியாமல் தரையில் வரிசையாக அடுக்கி வைத்தார். புதிய சட்டத்தின் வளைவுக்கு அந்தத் தூளான சட்டமே அச்சு. பிறகு வண்டியைக் கூரையின்கீழ் நிறுத்திப் பல வாரங்கள் உலர விட்டார். ஈரத்தோடு மூடிய சுவர் மீண்டும் உளுக்கும் என்பதால், இந்தப் பொறுமை இல்லாதவர் இவ்வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. சட்டம் முழுதும் கெடாத இடத்தில், கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, புதுமரத்தைச் சாய்வு வெட்டாக இணைத்தார். ஓரங்குலத் தடிப்புள்ள மரத்துக்கு எட்டு அங்குல நீளமேனும் சாய்வு வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒட்டு தாங்காது. இது படகுத் தச்சரின் பழைய விதி. ஸ்டேபிள்ஸ் தம் வண்டியைப் படகு என்றது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

தகட்டின் விளிம்புகளில் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, என்றும் இறுகாத பியூட்டைல் ரப்பர் நாடாவை வைத்து மூடினார். தகடு நீளும்போது நாடாவும் உடன் நீளும். ஈய வண்ணத்தின்மேல் கான்வாஸ் பரப்பிய பழந்தச்சர் கண்ட உண்மையே இந்நாடாவிலும் இருக்கிறது. எஃகுத் திருகாணி அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் தகடு அரிக்கப்படும் என்பதால், உறையில்லாத எஃகை அவர் தவிர்த்தார்.

மரத்தை ஏன் மீண்டும் வைக்க வேண்டும், அலுமினியக் குழாயாலேயே கூட்டைச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். இதற்கு வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. 1973-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஜி.எம்.சி. என்னும் பெயரில் வெளியிட்ட மோட்டார் வீட்டுக்கு அலுமினியக் கூடு. மேலே அலுமினியப் பலகங்கள், கீழே கண்ணாடியிழைப் பலகங்கள். அவற்றைப் பசையால் ஒட்டினார்கள். முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. அவ்வாண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தும், 1978 வரை 12,921 வண்டிகள் செய்தார்கள். அவற்றுள் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. ஆயினும் அவற்றுக்கும் தரை பிளைவுட்தான். சன்னலோரம் கசிந்தால் அத்தரை கெடத்தான் செய்கிறது. நீரை முற்றும் வென்ற வண்டியை நான் இதுவரை அறியேன்.

ஆகவே உலோகக் கூடு மேலானது என்பதில் ஐயமில்லை. நாளும் பயணம் போக விரும்புவோர் அதனை நாடினால் நான் குறை சொல்லேன். ஆனால் 1960-களின் மரவண்டி ஒன்றின் உள்ளே உலோகக் கூட்டைச் செருகிவிட்டால், நம் கையில் எஞ்சுவது பழைய முகமூடி அணிந்த புதுவண்டி. அக்காலத்துத் தொழிலாளி எதைக்கொண்டு, எவ்வளவு விரைவாக, எத்தகைய இணைப்பால் அதைச் செய்தார் என்னும் செய்தி அழிந்துவிடும். அந்த முதியவர் பிரித்த சுவரின் உட்புறத்தில், தொழிற்சாலைத் தச்சர் பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அளவைத் தவறாகக் கூட்டி, அடித்துவிட்டு, மறுபடி கூட்டியிருந்தார். எந்த நிறுவன அறிக்கையிலும் அக்கணக்கு இராது. மறுபுறம், உளுத்ததையும் புனிதமெனக் காத்தால் அடுத்த மழையில் கணக்கும் போய்விடும். எவ்வளவை மாற்றலாம் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு சட்டத்தின் முன்னும் நின்று தனித்தனியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பென்சில் பலகையின் கீழ்ப்பாதி கெட்டிருந்தது. முதியவர் மேல்பாதியை அறுத்தெடுத்து, புதிய பலகையோடு சாய்வு வெட்டில் இணைத்து, எழுத்து உட்புறமாகவே இருக்கும்படி பழைய இடத்தில் வைத்தார். புதிய பாதியில் தம் பெயரை எழுதவில்லை. ஆண்டை மட்டும் குறித்தார். பிறகு வெளித் தகட்டை மூடி, தோட்டத்து ரப்பர் குழாயால் கூரையின்மேல் ஒரு மணி நேரம் நீர் பாய்ச்சச் சொல்லிவிட்டு, கையில் விளக்குடன் உள்ளே சென்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டார்.