பியூலி மாளிகையின் மாண்டகு பிரபு

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் உள்ள பியூலி, 1204-இல் ஜான் மன்னர் நிறுவிய துறவியர் மடம் இருந்த ஊர். எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடம் கலைக்கப்பட்டு, நிலம் பிரபுக்களின் உடைமையாயிற்று.

அந்த மரபில் வந்த ஜான் மாண்டகு பிரபு, தம் நாட்டில் மோட்டார் வாகனம் பரவப் பாடுபட்ட முன்னோடி. முதல் உலகப்போரின்போது இந்திய அரசுக்கு வாகனப் போக்குவரத்து ஆலோசகராகவும் விளங்கினார். 1929-இல் அவர் மறைந்தபோது மகன் எட்வர்டுக்கு வயது இரண்டு.

வளர்ந்து பொறுப்பேற்ற எட்வர்டுக்கு மாளிகையைப் பேணும் செலவு பெருஞ்சுமையாயிற்று. அவர் அதனை விற்கவில்லை. 1952-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தந்தையின் நினைவாக முன்கூடத்தில் ஐந்து பழைய கார்களை நிறுத்தினார். அச்சிறு காட்சியே வளர்ந்து, 1972-இல் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாகி, அறக்கட்டளையின் பொறுப்பில் நிலைபெற்றது. இன்று அங்கு 250-க்கும் மேற்பட்ட வாகனங்கள் உள்ளன. எட்வர்டு 2015 ஆகஸ்டு 31 அன்று, 88-ஆம் வயதில் மறைந்தார்.

மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்களுள் ஒன்று. மாண்டகு செல்வத்தைத் துறந்தவர் அல்லர். பார்வையாளரிடம் கட்டணமும் பெற்றார். ஆயினும், தமக்கென்று பூட்டி வைத்திருக்கக் கூடியவற்றை ஊர் காணத் திறந்து, தமக்குப் பின்னும் நிலைக்க வழி செய்தார். முன்னோர் விட்டுச்சென்ற ஏடுகளையும் படிமங்களையும் காத்துவரும் இல்லங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செயல் இது.