சார்லட் அரசியாரின் கிறிஸ்துமஸ் மரம்

கிறிஸ்துமஸ் மரத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் விக்டோரியா மகாராணியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் என்று நம்மில் பலர் வகுப்பில் சொல்லிவிடுகிறோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்துக் குறிப்பேட்டைப் பார்த்து நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். அது தவறு.

மெக்லன்பர்க்-ஸ்ட்ரேலிட்ஸ் என்னும் சிறிய ஜெர்மன் நாட்டில் பிறந்த சார்லட், 1761-ஆம் ஆண்டில், தமது 17-ஆம் வயதில், மூன்றாம் ஜார்ஜ் மன்னரை மணந்து இங்கிலாந்துக்கு வந்தார். யூ மரக்கிளையொன்றை அலங்கரித்து வைப்பது அவர் பிறந்த நாட்டு வழக்கம். 1800-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது வின்சர் மாளிகையில் அவர் குழந்தைகளுக்கு ஒரு விருந்து வைத்தார். இம்முறை கிளையன்று, முழு மரமே கூடத்தின் நடுவே ஒரு தொட்டியில் நின்றது. வாதுமைப் பருப்பும் உலர்ந்த திராட்சையும் காகிதப் பொட்டலங்களாகத் தொங்கின. பழங்களும் விளையாட்டுப் பொருள்களும் இடையிடையே இருந்தன. சிறு மெழுகுவத்திகள் எரிந்தன. பிள்ளைகள் சுற்றி வந்து பார்த்து முடித்ததும், ஆளுக்குக் கொஞ்சம் இனிப்பும் ஒரு விளையாட்டுப் பொருளும் கிடைத்தன. வேற்று நாட்டு வழக்கத்தை அறிய இதைவிட நல்ல பாடம் ஏது?

சார்லட், விக்டோரியாவின் பாட்டியார். 1832 டிசம்பர் 24 அன்று, 13 வயதுச் சிறுமியாக இருந்த விக்டோரியா, விளக்குகளும் சர்க்கரை அலங்காரங்களும் தொங்கிய மரங்கள் மேசைமேல் இருந்ததையும், சுற்றிலும் பரிசுகள் வைத்திருந்ததையும் தம் நாட்குறிப்பில் எழுதினார். அப்பொழுது ஆல்பர்ட்டும் 13 வயதுச் சிறுவரே! திருமணம் நடந்தது 1840-இல்தான்.

பின் ஆல்பர்ட்டுக்குப் பெயர் வந்தது எவ்வாறு? ஒரு படத்தால். 1848-இல் 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' அரச குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. 1850-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பெண்கள் இதழொன்று அதே படத்தை எடுத்துக்கொண்டு, அரசியாரின் தலையணியையும் இளவரசரின் மீசையையும் அழித்துவிட்டு, அதை ஓர் அமெரிக்கக் குடும்பமாக்கி அச்சிட்டது. அக்காலத்திலும் பத்திரிகைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தாம்!

இப்பொழுதெல்லாம் 1800, 1832, 1840 என்ற மூன்று ஆண்டுகளையும் பலகையில் எழுதிவிட்டு, விடையை மாணவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஒரு சிறுமி கேட்டாள்: "அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாங்களும் மரம் வைத்தார்களா, ஐயா?" செல்வர் வீடுகள் சிலவற்றில் வைத்தார்கள் என்றேன். மற்ற வீடுகளுக்குள் மரம் பரவலாக நுழைந்தது 1848-இன் அந்தப் படம் வந்த பிறகுதான்.