மாலை போட்டவர்களும் கேள்வி கேட்டவர்களும்

மலாக்கா நகரத்திலே, கம்போங் கூலித் தெருவில், ஒரு பழைய கல்லறை இருக்கிறது. அது ஹங் ஜெபாட்டினுடையது என்று சொல்லப்படுகிறது. நகரை விட்டுக் கடலோரமாக வடக்கே சென்றால், தஞ்சோங் கிளிங் என்னுமிடத்தில் மற்றொரு கல்லறை. அது ஹங் துவாவினுடையதாம். இவற்றில் உறங்குவோர் உண்மையில் யாவர் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் விவாதித்துக் கொள்ளட்டும். நமக்கு வேண்டுவது, இவ்விருவரையும் பற்றி மலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

ஹங் துவா அரசனுக்கு அடங்கிய வீரன். பொறாமைக்காரர்களின் கோள் கேட்டு, விசாரணை ஏதுமின்றி, அவனைக் கொல்லும்படி சுல்தான் ஆணையிட்டார். மந்திரி பெண்டஹாரா அவனைக் கொல்லாமல் மறைத்து வைத்தார். நண்பன் மாண்டான் என்று நம்பிய ஹங் ஜெபாட், அநியாயத்தைப் பொறாது அரண்மனையையே கைப்பற்றிக் கொண்டான். அவனை அடக்க வேறு ஆளில்லை. சுல்தான் ஹங் துவாவை மன்னித்து வரவழைத்தார். தனக்காகக் கிளர்ந்தெழுந்த தோழனை ஹங் துவா தன் கையாலேயே கொன்றான். பல நூற்றாண்டுகளாக இவ்விருவரில் உத்தமன் ஹங் துவாவே என்று போற்றப்பட்டு வந்தது. ஆனால் 1959இல் காசிம் அகமது என்ற மலாய் இளைஞர் தமது பல்கலைக்கழக ஆய்வேட்டில், உண்மை வீரன் ஜெபாட்டே என்று துணிந்து எழுதினார். பின்னர் கவிஞர் உஸ்மான் அவாங் அதே கருத்தை நாடகமாக்கினார். ஒரு சமூகம் தன் அருமையான கதையையே மேசைமேல் வைத்து, 'நாம் வணங்கியது சரிதானா?' என்று கேட்டுக்கொண்டது. இந்த ஒரு காரியத்திற்காகவே மலாய் எழுத்தாளர்களுக்கு நாம் தலைவணங்கலாம்.

தமிழர்களாகிய நமக்கும் அந்தப் பழைய மலாக்காவில் பங்குண்டு. தஞ்சோங் கிளிங் என்ற பெயரே நம்மைச் சுட்டுவதுதான். அச்சொல் பிற்காலத்தில் வசைச்சொல்லாகித் தேய்ந்தது வேறு கதை. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு கூறுவதைப் பாருங்கள். துறைமுக அதிகாரியாகிய ராஜ முதலியாருக்கும், பெருவணிகனாகிய நயினா சூரதேவனுக்கும் வழக்கொன்று மூண்டது. எதிரி பெண்டஹாரா துன் முத்தாஹிருக்குக் கையூட்டு கொடுத்துவிட்டான் என்று ஒருவன் முதலியாரின் காதில் ஊதினான். முதலியார் அஞ்சி, தாமே முந்திக்கொண்டு, பெண்டஹாரா அரியணைக்குச் சதி செய்கிறார் என்ற பொய்யைக் கடற்படைத் தலைவன் வாயிலாகச் சுல்தானின் செவிக்கு எட்டவைத்தார். துன் முத்தாஹிரோ தம் மரபின் ஒரு கிளை தமிழ் முஸ்லிம் வழியினதாகக் கூறப்படுபவர். அவரும் அவர் குடும்பத்தாரும் 1510இல் கொல்லப்பட்டனர். அவருடைய ஆட்கள் எதிர்த்து நிற்க எழுந்தபோது, அரசனுக்குத் துரோகம் செய்வது மரபன்று என்று அவரே தடுத்துவிட்டாராம். பொய் என்பது பின்னர் வெளிப்பட்டுக் கோள் சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டனர். அதனால் ஆவதென்ன? அடுத்த ஆண்டே போர்த்துகீசியர் வந்து மலாக்காவைப் பிடித்துக் கொண்டனர். அரசவையில் ஒருவர்கூட, 'விசாரித்துச் செய்யுங்கள்' என்று சுல்தானிடம் வெளிப்படையாகச் சொல்லக்கூடிய நிலைமை இருக்கவில்லை. காதில் ஓதுவதற்கு மட்டும் ஆட்கள் குறைவில்லாமல் இருந்தார்கள்.

பழங்கதையை இவ்வளவு விரிப்பானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம் காலத்துத் தமிழர் ஸ்தாபனங்களின் சரித்திரத்திலும் இதே காட்சியை உடை மாற்றிப் பார்க்கிறோம் என்பதுதான் காரணம்.

மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தொழில் தொடங்கியதே மலாக்காவில்தான். டான் சே யான் என்ற சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் லேடாங் மலையடிவாரத்திலுள்ள புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டார். தோட்டம் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, 1910இல் அம்முறை நிறுத்தப்பட்ட பின் பெரும்பாலும் கங்காணி வழியாக. கங்காணி என்பவன் வெறும் மேற்பார்வையாளன் அல்லன். ஊரிலிருந்து அழைத்து வந்தவன் அவன். கடன் கொடுத்தவன் அவன். திருவிழாவில் முதல் மரியாதை அவனுக்கு. கல்யாணத்திற்கும் கருமாதிக்கும் அவன் சொல்லே சொல். விடியுமுன் பிரட்டுக்கு நிற்கும்போது அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவனுக்கு அன்று வெட்டக் கிடைப்பது பால் வற்றிய மரங்களாக இருக்கலாம். மறுமாதம் லயத்தில் வீடே இல்லாமற் போகலாம். விசுவாசம் என்பது அங்கே மனத்திலிருந்து எழுந்த குணமன்று, வயிற்றிலிருந்து எழுந்தது. இதைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. குறை கூறவேண்டியது எதை என்றால், கங்காணி ஒழிந்த பின்னும் கங்காணிக்கு நின்ற அதே நிலையில் கட்சித் தலைவருக்கு முன் நின்றோமே, அதை.

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946 ஆகஸ்டில் பிறந்தது. முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் சுதந்திர இந்திய அரசாங்கத்தில் பணியாற்றியவர். அவருக்குப் பின் புத் சிங், ராமநாதன், தேவாசர் என்று தலைவர்கள் வந்தார்கள். தொடக்க காலத்தில் கட்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரவாசிகள். தோட்டத்துத் தமிழன் உறுப்பினனாய் இருந்தான், தலைவனாக இல்லை. அந்த மனக்குறை 1955இல் தேவாசரை இறக்கிச் சம்பந்தனைத் தலைவராக்கியது. உறுப்பினர்களின் அதிருப்தி ஒரு தலைமையையே மாற்றிய அருமையான நிகழ்ச்சி அது. சம்பந்தன் நல்லது செய்யவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதியில் நின்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளிக்கு ஒரு பங்கு என்று தொழிலாளியின் காசைக் கொண்டே தோட்டங்களை வாங்கியவர் அவர். ஆயினும் காலம் மாறிற்று. 1969க்குப் பின் குடியுரிமையில்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு என்ற கத்தி தொங்கியபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களுக்காகக் கட்சி என்ன செய்தது என்ற கேள்வி கிளைகளில் எழுந்தது. மாணிக்கவாசகம் அணியென்றும் சம்பந்தன் அணியென்றும் கட்சி பிளந்தது. முடிவு எப்படி வந்தது? 1973இல் பிரதமர் துன் ரசாக் தலையிட்ட பிறகே சம்பந்தன் விலகினார். நம் வீட்டுச் சண்டைக்கு அண்டை வீட்டுக்காரர் நியாயம் சொன்னார்.

இந்த இடத்தில் மலாக்காவின் ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொல்லாமற் போனால் இக்கட்டுரை எழுதியதே வீண். புக்கிட் அசகான் என்று மேலே குறித்தோமே, அதே தோட்டம். தோட்டத் தொழிலாளர்களின் பெருஞ்சங்கம் 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகி அமைந்த தேசியச் சங்கம், பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராய்ப் பல்லாண்டு விளங்கினார். சமரசப் பேச்சு, ஒப்பந்தம், நிதானம் என்பது அதன் வழி. அந்த வழியால் நன்மைகள் விளைந்ததும் மெய். ஆனால் தோட்டங்களில் ஒரு பகுதியார், நம் சங்கம் நம்மைவிட முதலாளிமாரோடு நெருக்கமாயிருக்கிறதே என்று முணுமுணுத்தனர். முணுமுணுப்புக்கு உள்ளே இடமில்லாதபோது அது வெளியே சங்கமாயிற்று. ஐக்கிய மலாயா தோட்டத் தொழிலாளர் சங்கம் என்ற போட்டிச் சங்கத்தில் அவர்கள் சேர்ந்தனர். 1967இல் அச்சங்கத்தைச் சேர்ந்த புக்கிட் அசகான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் குறையை நேரே சொல்லக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி!

வாசகர்களே, அந்த நடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்திலிருந்து மரத்திற்கு நடப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நடப்பது புதிதன்று. புதிது எதுவென்றால், கங்காணியும் காட்டாத, தலைவரும் காட்டாத வழியில் நடந்ததுதான். ஒவ்வோர் ஊராகக் கடந்து சென்ற அந்தத் தொழிலாளர்களை அன்றைக்கு நம்மவரில் பலர் என்னவென்று சொன்னார்கள்? தூண்டிவிடப்பட்டவர்கள் என்றார்கள், ஒற்றுமையைக் குலைப்பவர்கள் என்றார்கள். பசியைத் தூண்டிவிட வெளியாள் வேண்டுமா என்று கேட்கத்தான் ஆளில்லை. நம் சரித்திரப் புத்தகங்களில் இந்த நடைக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படவில்லை. தலைவர்களின் பிறந்தநாள் மலர்களுக்கோ காகிதப் பஞ்சம் ஏற்பட்டதே கிடையாது.

இதே விஷயத்தில் சுயமரியாதை இயக்கத்தாருக்கும் ஒரு சோதனை வந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசிய பெரியார், நான் சொல்வதையும் உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்தே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊர்தோறும் சொல்லி வந்தவர். 1949இல் அவர் மணியம்மையாரை மணந்தபோது, தொண்டர்களில் ஒரு பெரும் பகுதியினர் அவர் சொற்படியே ஆராய்ந்தனர், ஒப்பவில்லை. செப்டம்பர் 17ஆம் நாள் அண்ணாதுரையும் தோழர்களும் தி.மு.க.வைக் கண்டனர். யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே தீர்க்க நாம் வரவில்லை. ஆனால் பிரிந்தவர்கள் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே காலியாக விட்டுவைத்தார்கள் என்பதை மறக்க முடியாது. தலைவரை மறுக்கவும் வேண்டும், மதிக்கவும் வேண்டும் என்ற இரண்டு எண்ணமும் ஒரே மனத்தில் இருந்ததற்கு அந்த வெறும் நாற்காலி சாட்சி. அதே கட்சியிலும் பிற்காலத்தில் தலைவரைக் கணக்குக் கேட்டவர் வெளியேற்றப்பட்டதை 1972இல் எம்.ஜி.ஆர். விஷயத்தில் கண்டோம். நாற்காலி நிரம்பியவுடன் கேள்விக்கு இடம் குறைந்துவிட்டது.

மலேசியாவிற்குத் திரும்புவோம். மாணிக்கவாசகம் 1979இல் காலமாக, சாமிவேலு தலைமைக்கு வந்தார். 2010 வரை 31 ஆண்டுகள் இருந்தார். உழைப்பாளி, பேச்சாளி, எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை எழுப்பியவர், இவையெல்லாம் உண்மை. அவர் காலத்தில் 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனிக்காகச் சமூகத்திடம் பங்கு திரட்டப்பட்டது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தனர். தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டக் குடும்பங்கள் உண்டு. சமூகம் பொருளாதாரத்தில் எழும் என்றார்கள்; எழவில்லை. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கு, 2010இல் 80 காசு விலைக்கு வாங்கிக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் கிளைக் கூட்டங்களில் இதைப் பற்றி உரக்கக் கேட்டவர் எத்தனை பேர்? கேட்டவர்கள் கதி மற்றவர்களுக்குப் பாடமாயிற்று. உதவித் தலைவராயிருந்த பண்டிதன் 1988இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் வேறு கட்சி கண்டார்.

உள்ளே வாய் மூடியவர்கள் வெளியே கால் எடுத்து வைத்தார்கள். 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் ஹிண்ட்ராப் பேரணியில் திரண்ட கூட்டத்தில் கட்சி உறுப்பினர் எத்தனை பேர் இருந்தனர் என்று எவரும் எண்ணவில்லை. ஆனால் நான்கு மாதத்திற்குள், 2008 மார்ச் 8ஆம் நாள் நடந்த தேர்தலில், ம.இ.கா.வின் நாடாளுமன்ற இடங்கள் ஒன்பதிலிருந்து மூன்றாயின. சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவே தோற்றார். அதற்கு முந்திய மாதம்வரை அவருக்கு மாலை போட வரிசையில் நின்ற கிளைத் தலைவர்களில், 'தலைவரே, மக்கள் நம்மை விட்டுப் போகிறார்கள்' என்று முகத்துக்கு நேரே சொன்னவர் இருந்தாரா? இருந்திருந்தால் அவரே தலைவருக்கு உண்மையான நண்பர். மாலை போட்டவர்களால் தலைவர் கெட்டார். தலைவரால் கட்சி கெட்டது. பிறகு 2014, 2015ஆம் ஆண்டுகளில் பழனிவேல் காலத்துத் தகராறு மறுபடியும் சங்கப் பதிவாளரிடமும் நீதிமன்றத்திடமும் போயிற்று. துன் ரசாக் போய்ப் பதிவாளர் வந்தார்; அவ்வளவே.

ஒரு கட்சியை மட்டும் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். மலாக்காவில் 2020 மார்ச்சில் சட்டமன்ற உறுப்பினர் சிலர் அணி மாறியதால் ஓர் ஆட்சி கவிழ்ந்தது. 2021 அக்டோபரில் நால்வர் ஆதரவை விலக்கிக்கொண்டதால் மறுபடியும் தேர்தல் வந்தது. இவர்களும் தங்களைக் கொள்கைக்காக எதிர்த்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். பதவிக்காகத் தாவுகிறவனும் மனச்சாட்சிக்காக மறுக்கிறவனும் ஒரே உடையில் வருவதுதான் இதில் உள்ள கஷ்டம். 2022இல் நாடாளுமன்றம் கட்சித்தாவல் தடைச் சட்டம் இயற்றியபோது, இதற்கு ஓர் அடையாளம் கண்டது: உறுப்பினன் தானாகக் கட்சியை விட்டுப் போனால் பதவி போகும், கட்சி அவனை நீக்கினால் போகாது. அதாவது உள்ளேயே நின்று கேள்வி கேட்கிறவனைச் சட்டம் காப்பாற்றுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கட்சிகளோ, கட்டளையை மீறினவன் தானாகவே உறுப்பினன் அல்லாதவன் ஆவான் என்று தம் விதிகளைத் திருத்தத் தொடங்கிவிட்டன.

ஜாசின் பக்கத்தில் ஒரு கிளையின் ஆண்டுக் கூட்டத்திற்கு ஒருமுறை போயிருந்தோம். கட்சியின் பெயர் வேண்டாம். கிளைத் தலைவரே கோயில் கமிட்டித் தலைவர். அவரே பள்ளிக்கூட வாரியத்திலும் தலைவர். தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்தன. கணக்கு ஒரே மூச்சில் வாசித்து ஏற்கப்பட்டது. கடைசியில் 'இதர விஷயங்கள்' வந்தபோது, பால்வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் எழுந்து, "ஐயா, கட்டட நிதின்னு ரெண்டு வருஷமா வாங்குறீங்க, கட்டடம் எங்கே ஐயா?" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டு, "அம்மா, தேத்தண்ணி ஆறிப் போகுது" என்றார். எல்லோரும் எழுந்தனர். அம்மையார் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. செயலாளர் நிகழ்ச்சிப் புத்தகத்தை மூடப் போனவர், அவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் திறந்து என்னவோ எழுதினார்.