கொடிமுந்திரியும் முந்திரித் தோப்பும்

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் வாழும் நமக்கு, முந்திரி என்றதும் பலாவுக்கு அருகே கிளைபரப்பி நிற்கும் மரமே கண்முன் தோன்றும். ஆயினும் அச்சொல் முன்பு சுட்டியது திராட்சையை. முந்திரிகை என்பதற்குத் திராட்சை எனவும் தமிழ்ப் பேரகராதி பொருள் தரும். கொடிமுந்திரி என்பதும் அதுவே. ஈழத் தமிழர் இன்றும் திராட்சையை முந்திரிகை என்பர். மலையாளத்தில் முந்திரி என்பது திராட்சையே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த புதிய மரத்துக்கும் நம்மவர் அப்பெயரையே வழங்கினர். காலப்போக்கில் மரம் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. கொடிக்குத் திராட்சை என்னும் வடசொல்லே நிலைத்தது. ஆகவே பழைய நூலொன்றில் முந்திரித் தோட்டம் எனக் காணும்போது, நம் ஊர்த் தோப்பை எண்ணி மயங்கலாகாது.

பெயர்கள் இவ்வாறு இடம்மாறுவதால் விளையும் குழப்பத்தை நீக்கவே தாவரவியலார் இலத்தீனை நாடினர். உரோமையர் திராட்சைச் சொற்களை நுட்பமாகப் பகுத்து வழங்கியவர்கள். கொடிக்கு 'வீத்திஸ்', பழத்துக்கு 'ஊவா', குலைக்கு 'ராசேமுஸ்', இரசத்துக்கு 'வீனும்'. புனித ஜெரோமின் இலத்தீன் விவிலியத்திலும் இவ்வேறுபாட்டைக் காண்கிறோம். யோவான் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மை ஒப்பிடுவது வீத்திசுக்கு. மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் முட்செடியில் பறிக்க இயலாதெனச் சொல்லப்படுவது ஊவா.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் தாவரவியலில் தனி வாழ்வு பெற்றன. 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் திராட்சைக்கு 'வீத்திஸ் வினிபெரா', அதாவது இரசம் தரும் கொடி, எனப் பெயரிட்டார். நம் வேலியில் படரும் பிரண்டையும் திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1834இல் ராபர்ட் வைட், ஆர்னட் ஆகிய இருவரின் நூல் அதனை வீத்திஸ் இனத்திலேயே சேர்த்தது. இன்று அது 'சிஸ்ஸுஸ்' இனத்தில் உள்ளது. ஊவாவிலிருந்து, குலைகுலையாய்ப் பழுக்கும் செடிகளுக்கு 'உவாரியா' என்னும் இனப்பெயர் பிறந்தது. கோயில், பள்ளி வளாகங்களில் நிமிர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் சொன்னெரா 1782இல் அந்த இனத்தில்தான் வைத்தார். புதுச்சேரியில் வாழ்ந்தவர் அவர். பின்னர் 1864இல் அது 'பாலியால்தியா' ஆயிற்று. 2012இல் 'மோனூன்' ஆயிற்று. குலையைக் குறிக்கும் ராசேமுஸ், அடிமரத்திலேயே கொத்தாய்க் காய்க்கும் நம் அத்திக்கு 'ராசேமோசா' என்னும் அடைமொழியைத் தந்தது.

எனவே இலத்தீனிலும் பெயர்கள் அசையாமல் நிற்கவில்லை. நம் முந்திரியே இதற்குச் சான்று. அதன் அறிவியற்பெயரான 'அனகார்டியம்', இதயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்து, முற்காலத்தில் சேராங்கொட்டையைச் சுட்டியது. 1753இல் லின்னேயஸ் அதனை முந்திரி மரத்துக்கு உரியதாக்கினார். தமிழில் திராட்சையிடமும் இலத்தீனில் சேராங்கொட்டையிடமும் பெயரை இரவல் பெற்றது இம்மரம்! இரண்டாவது இரவல் பொருத்தமானதே. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டின் ஓட்டிலும் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் உண்டு. கொட்டை உடைக்கும் நம் சகோதரியரின் விரல்கள் அதை நன்கறியும்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் இப்பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரத்தின் இடத்தில் கன்று நடலாம். வழக்கொழிந்த சொல்லுக்கு அவ்வாறு கன்று இல்லை. அறிஞர் தம் பெயர் மாற்றங்களை ஆண்டு குறித்து எழுதிவைத்தனர். ஆகவேதான் நெட்டிலிங்கத்தின் பழம்பெயரை நாம் இன்று அறிகிறோம். கொடிமுந்திரி மறைந்த ஆண்டை யாரும் குறிக்கவில்லை. நம் பங்குகளில் முதியோர் செடிகொடிகளுக்கு வழங்கும் பெயர்களை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போமாக.