குடலில் ஒரு குறுக்குப்பாதை: உடற்பருமன் அறுவையின் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலமலைச் சரிவு செங்குத்தானது. ஆகவே சாலை வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். வளைவுகளால் வழி நீளுகிறது. ஆனால் அந்த நீளம் வீணன்று. அதனால்தான் ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டி பத்திரமாகக் கீழே வந்து சேருகிறது.

நம் வயிற்றுக்குள்ளும் இத்தகைய பாதை ஒன்று உண்டு. அதுவே சிறுகுடல். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள இக்குழாய் மடிந்து மடிந்து வயிற்றுக்குள் அடங்கியிருக்கிறது. உணவிலுள்ள சத்துகளில் பெரும்பகுதி இங்கேதான் இரத்தத்தில் சேருகிறது. இந்தப் பாதையைக் குறுக்கிவிட்டால், உண்டது முழுவதும் உடலில் சேராது. எடை குறையும் அல்லவா? 1950-களில் சில மருத்துவர்களுக்கு இந்த எண்ணம் தோன்றியது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. தேசியக் குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இது. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஆனால் தேவைப்படுவோர்முன் இன்று பல வகைகள் நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? கடந்த 70 ஆண்டு வரலாறு இதற்கு வழிகாட்டுகிறது.

பாதையைக் குறுக்கியவர்கள்

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த க்ரெமன், லின்னர் குழுவினர் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, அதன் தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். 1969-இல் பெய்ன், டிவிண்ட் என்னும் மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வகுத்தனர். இடைச்சிறுகுடலில் 35 செ.மீ., பின்சிறுகுடலில் 10 செ.மீ.; இவ்வளவே உணவு செல்லும் வழி. எஞ்சிய பகுதி வயிற்றுக்குள் வெறுமனே கிடக்கும்.

எடை விரைவாகக் குறைந்தது. மருத்துவர்களும் நோயாளிகளும் மகிழ்ந்தனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல உண்மை வெளிப்பட்டது. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், மூட்டுவலி. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. 1980-ஐ ஒட்டி இம்முறை கைவிடப்பட்டது. பலருக்கு மீண்டும் அறுவை செய்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. முதலாண்டு வெற்றியைக் கண்டு ஓர் அறுவையை மதிப்பிடலாகாது என்பதே இவ்வரலாறு கற்பித்த முதற்பாடம்.

பையைச் சிறிதாக்கியவர்கள்

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் இளைத்தனர். மீண்டும் எடை கூடவும் சிரமப்பட்டனர். எனவே குடலைவிட இரைப்பையில் கைவைப்பதே நல்லது என்று அவர் கருதினார். இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்தார். 1967-இல் மேசனும் இட்டோவும் இம்முறையை வெளியிட்டனர். 1977-இல் கிரிஃபன் குழுவினர் இணைப்பை ‘ஒய்’ எழுத்தின் வடிவில் மாற்றி, பித்தநீர் மேலேறாமல் தடுத்தனர். இன்றைய ‘பைபாஸ்’ அறுவையின் வடிவம் இதுவே.

பின்னர், குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் இறுக்கும் முறைகள் வந்தன. 1986-இல் குஸ்மாக் என்பவர், தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் கூடிய வளையத்தைப் பொருத்தினார். எளிய முறை என்று உலகெங்கும் பரவிய அதுவும் நிலைக்கவில்லை. சிலருக்கு வளையம் நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்தது. பலருக்கு அதை அகற்ற நேர்ந்தது.

இன்று மிகுதியாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறை தற்செயலாக வந்தது எனலாம். இதில் இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெட்டி நீக்கப்படும்; எஞ்சுவது சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழாய். மிகுந்த பருமனும் ஆபத்தும் உடையவர்களுக்குப் பெரிய அறுவையின் முதற்கட்டமாகவே இதைச் செய்தனர். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்ததால் தனி முறையாயிற்று.

எதிர்பாராத இரண்டு செய்திகள்

1995-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் போரிஸ் வியப்பான செய்தியை வெளியிட்டார். பைபாஸ் செய்துகொண்ட 146 நீரிழிவு நோயாளிகளில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. எடை குறையுமுன்பே, சில நாட்களிலேயே, இம்மாற்றம் தொடங்கியது. 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ‘ஸ்லீவ்’ அறுவையில் நீக்கப்படுவதும் அப்பகுதியே. இரைப்பை வெறும் பையன்று, குடல் வெறும் குழாயன்று என்பது இவற்றால் விளங்கிற்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

2018-இல் பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த இரு ஆய்வுகளின் ஐந்தாண்டு முடிவுகள் வெளிவந்தன. எடைக்குறைவில் பைபாஸ் சற்றே முந்தியது; ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. அப்படியானால் தேர்வு கிலோ கணக்கில் இல்லை. நோயாளியின் உடலிலும் வாழ்க்கையிலும் இருக்கிறது.

கடும் நெஞ்செரிச்சல் உடையவருக்கு ‘ஸ்லீவ்’ அதை மேலும் மோசமாக்கக்கூடும், பைபாஸ் நல்லது. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவருக்கும் பைபாஸ் பக்கமே தராசு சாய்வதுண்டு. ஆனால் மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை விழுங்குபவருக்கும் புகைபிடிப்பவருக்கும் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாகும் ஆபத்து அதிகம். இரும்புச்சத்து மிகுதியாக உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். பைபாஸில் உணவு அதைத் தொடாமலே போய்விடுகிறது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த அறுவையானாலும், பின்னர் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுவதைத் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். வைட்டமின் பி12, இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

ஏலத்தோட்ட வேலைக்காக விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குச் செல்லும் ஒருவர் இந்தக் கடைசி விதியைத்தான் முதலில் சிந்திக்க வேண்டும். ஒரு நாள் பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து மதுரைக்கு மீண்டும் ரயில் ஓடுவது ஓரளவு வசதி. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கும் போகாமல் இருந்தால், நன்கு செய்யப்பட்ட அறுவையும் சில ஆண்டுகளில் கேடாக முடியலாம்.

போடியில் ஏலக்காயை எடை மட்டும் பார்த்து எவரும் விலை பேசுவதில்லை; காயின் பருமனையும் நிறத்தையும் பார்ப்பார்கள். அறுவையைத் தேர்ந்தெடுப்பவரும் “எத்தனை கிலோ குறையும்?” என்பதோடு நிற்கலாகாது. “பத்தாண்டு கழித்து என் உடல் எப்படி இருக்கும்? அதுவரை என்னைக் கவனிப்பவர் யார்?” என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.